விளம்பரப் பணத்தில் இயங்கும் நிறுவனத்தில் பொறியாளராகச் சேரலாமா: நான்கு வழிகளின் ஒப்பீடு

கணினிப் பொறியியலில் அறிவுக்கு விருந்தாக அமையும் பணிகளில் கணிசமான பங்கு இன்று விளம்பர வருவாயில் வாழும் சில நிறுவனங்களுக்குள்தான் நடக்கிறது. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் 2023-இல் ஈட்டிய ஏறத்தாழ 30,700 கோடி டாலரில் முக்கால் பங்குக்கும் மேல் விளம்பரத்தால் வந்தது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் கையில் வைத்திருக்கும் மெட்டாவின் அதே ஆண்டு வருவாயில் நூற்றுக்கு 98 பங்கு விளம்பரப் பணம். ஆகவே, திறமையுள்ள ஓர் இளம் பொறியாளர் எங்கே சேர்வது என்று யோசிக்கும்போது, இந்தப் பணத்தைப் பற்றித் தமக்கென ஒரு நிலைப்பாட்டை எடுக்காமல் தப்ப முடியாது.

கோத்தகிரியில் இருக்கும் என் அக்கா மகள் இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறாள். கோவையில் படித்து, அங்கேயே சில காலம் வேலை பார்த்தவள். விளம்பர வருவாயில் இயங்கும் ஒரு பெரிய நிறுவனத்தின் பெங்களூரு அலுவலகம் அவளைத் தேர்ந்தெடுத்து, இரண்டு பிரிவுகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்லியிருக்கிறது: ஒன்று தரவுச் சேமிப்புப் பிரிவு, மற்றொன்று பயனரின் திரையில் அடுத்து எது வர வேண்டும் என்று முடிவு செய்யும் பரிந்துரைப் பிரிவு. இவை தவிர, மாதச் சந்தாவுக்கு மென்பொருள் விற்கும் சென்னை நிறுவனம் ஒன்றும், அரசு நிதியில் நடக்கும் ஓர் அறிவியல் ஆய்வகத்தில் ஒப்பந்தப் பணி ஒன்றும் அவளுக்குத் திறந்திருக்கின்றன. "வேலை ரொம்ப நல்லா இருக்கு சித்தி, ஆனா சம்பளம் முழுக்க விளம்பரக் காசு. சேர்ந்தா தப்பா?" என்று கேட்டாள். குன்னூரில் இருந்தபடி நெடுங்காலமாக மென்பொருள் எழுதிப் பிழைப்பவள் என்ற முறையில் அவளுக்குச் சொன்னதையும், சொன்னபின் யோசித்துத் திருத்தியதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், விளம்பரம் என்பதே தீது என்ற இடத்திலிருந்து நான் தொடங்கவில்லை. குன்னூரில் வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்பவர்கள், கோத்தகிரியில் இரண்டு அறைகளை விருந்தினருக்கு விடும் குடும்பங்கள், நீலகிரித் தைலம் காய்ச்சி விற்பவர்கள் ஆகியோருக்கெல்லாம் சமவெளியிலிருந்து வரும் வாடிக்கையாளரைச் சென்றடைய விளம்பரத்தை விட்டால் வேறு வழி குறைவு. தமிழ் நாளிதழ்களும் வார இதழ்களும் தலைமுறை தலைமுறையாக விளம்பரத்தின் துணையோடுதான் மலிவு விலைக்கு வந்தன. விளம்பரப் பணம் செய்திருக்கும் நன்மை ஒன்றையும் மறைக்கக் கூடாது: கலிஃபோர்னியாவின் கோடீஸ்வரர் பயன்படுத்தும் அதே தேடுபொறியையும் அதே வரைபடத்தையும், தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணும் ஒரு காசு கொடுக்காமல் பயன்படுத்துகிறார். கூகுளின் மொழிபெயர்ப்புச் சேவையில் தமிழ் சேர்ந்தது 2011-இல். அதற்குச் சந்தா வைத்திருந்தால் தமிழ்நாட்டில் எத்தனை பேர் கட்டியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

தீங்கு தொடங்குவது வேறோர் இடத்தில். நாளிதழில் வந்த விளம்பரம் வாசகரைத் திரும்பிப் பார்த்ததில்லை. இன்றைய விளம்பரம் பார்க்கிறது. கோத்தகிரிப் பேருந்து நிலையத்தில் நிற்கும் ஒருவர் கைப்பேசியில் ஒரு செய்தித் தளத்தைத் திறப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கம் விரிவதற்குள், அதிலுள்ள காலியிடத்துக்காக ஓர் ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. அவர் எந்த ஊரில் இருக்கிறார், எந்தக் கைப்பேசி வைத்திருக்கிறார், இதற்கு முன் எவற்றைப் பார்த்தார் என்பன போன்ற விவரங்கள் ஏலம் கேட்கும் பல நிறுவனங்களின் சர்வர்களுக்கு அனுப்பப்படுகின்றன. ஒவ்வொன்றும் அவருக்கு ஒரு விலை கணித்துத் திருப்பி அனுப்புகிறது. அதிகம் கேட்டவரின் படம் திரையில் வருகிறது. இவ்வளவுக்கும் ஆகும் நேரம் ஏறத்தாழ 100 மில்லிசெகண்ட். ஏலத்தில் தோற்றவர்களுக்கும் அவரைப் பற்றிய விவரம் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதைப் பேருந்துக்குக் காத்திருப்பவர் அறிய வழியில்லை. இந்தச் சந்தையில் இடம் விற்பவரின் கருவியையும் ஏலக் கூடத்தையும் ஒரே நிறுவனம் வைத்திருந்தது; அவ்விரண்டிலும் கூகுள் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகம் செலுத்தியதாக அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

இந்த ஆபத்தை வெளியார் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. கூகுளின் நிறுவனர்கள் செர்கே பிரின், லாரி பேஜ் இருவரும் ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களாக இருந்தபோது, 1998-இல் தங்கள் தேடுபொறியை விவரித்து எழுதிய ஆய்வுக் கட்டுரையின் பிற்சேர்க்கையில், விளம்பரத்தால் வாழும் தேடுபொறி தன் இயல்பாலேயே விளம்பரதாரர் பக்கம் சாய்ந்து, தேடி வருபவரின் தேவையிலிருந்து விலகிப் போகும் என்று தெளிவாகச் சொன்னார்கள். ஈராண்டு கழித்து, 2000-இல், அவர்களது நிறுவனமே விளம்பரம் விற்கத் தொடங்கியது. அவர்கள் கெட்டவர்களாக மாறிவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் கொள்வதைவிட, பணம் வரும் வழி நல்லவர்களையும் நாளடைவில் தன் போக்குக்கு இழுத்துக்கொள்ளும் என்று பொருள் கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. நம் பிள்ளைகளும் நல்லவர்கள்தாம் என்பதால் இது நமக்கு முக்கியமாகிறது.

ஆகவே நான்கு வழிகளையும் ஒப்பிட நான் கையாளும் அளவுகோல், எந்த நிறுவனத்தின் பணம் தூய்மையானது என்பது அன்று. நான் செய்யும் வேலை மிக நன்றாக அமைந்துவிட்டால் உலகில் எது பெருகும், அந்தப் பெருக்கத்துக்கான விலையை யார், தெரிந்தா தெரியாமலா கொடுக்கிறார்கள் என்பதே என் கேள்வி. தோல்வியைப் பற்றி எல்லாரும் முன்கூட்டியே கவலைப்படுகிறோம். திறமையுள்ளவர் கவலைப்பட வேண்டியது தம் வெற்றியைப் பற்றி.

இந்த அளவுகோலில் முதலில் கழியும் வழி பரிந்துரைப் பிரிவு. சுவை என்று பார்த்தால் நான்கில் இதுவே மிகுந்த சுவை உடையதாக இருக்கக்கூடும்: கோடிக்கணக்கான பயனர்கள், நொடிக்கு நொடி வரும் தரவு, காலையில் எழுதிய மாற்றத்தை ஒரு சிறு பகுதியினரிடம் சோதித்து மாலைக்குள் எண்களில் விளைவைப் பார்க்கும் வசதி. ஆனால் அந்த எண் எது? யூடியூப் 2012-இல் தன் பரிந்துரைகளின் இலக்கைக் கிளிக்குகளின் எண்ணிக்கையிலிருந்து பார்க்கும் நேரத்துக்கு மாற்றியது. ஏமாற்றுத் தலைப்பு வைத்த காணொளிகளைக் குறைப்பதற்காகச் செய்த மாற்றம் அது, நல்ல நோக்கம்தான். ஆயினும் அதற்குப் பின் அங்கே பொறியாளரின் வெற்றி என்பது, ஒருவர் திரையை விட்டு எழுந்திருக்காமல் இருப்பது என்றாகிவிட்டது.

இன்னும் நெருக்கமாக ஓர் எடுத்துக்காட்டு. ஃபேஸ்புக்கில் விருப்பக் குறியோடு சிரிப்பு, வியப்பு, கோபம் போன்ற குறிகளும் உண்டல்லவா? 2017-இல், எந்தப் பதிவை மேலே ஏற்றுவது என்று கணக்கிடும்போது, சாதாரண விருப்பக் குறிக்கு 1 என்றால் இந்த உணர்ச்சிக் குறிகளுக்கு 5 என்று மதிப்பு வைத்தார்கள். உணர்ச்சி காட்டியவர் கூடுதல் ஈடுபாடு உடையவர் என்ற எளிய காரணம்தான். ஆனால் கோபக் குறி வாங்கும் பதிவுகளில் பொய்ச் செய்தியும் நச்சுப் பேச்சும் அளவுக்கு மிஞ்சி இருப்பதை நிறுவனத்தின் சொந்தத் தரவு ஆய்வாளர்களே 2019-இல் உறுதிப்படுத்தினார்கள். கோபத்தின் மதிப்பு படிப்படியாகக் குறைக்கப்பட்டுப் பூஜ்யமானது 2020 செப்டம்பரில். இடைப்பட்ட ஆண்டுகளில் உலகெங்கும் எத்தனை ஊர்களில், எத்தனை சாதிச் சண்டைகளிலும் மதச் சண்டைகளிலும், அந்த ஐந்து என்ற எண் வேலை செய்திருக்கும் என்று கணக்கிட எவராலும் இயலாது. ஃபிரான்சிஸ் ஹாகன் என்ற முன்னாள் ஊழியர் 2021-இல் ஆவணங்களை வெளியே கொண்டுவந்திராவிட்டால் அப்படி ஓர் எண் இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது. அந்த எண்ணை எழுதியவர் யாரோ, அவர் கொடியவராக இருந்திருக்கத் தேவையில்லை. என் அக்கா மகளைப் போல, கொடுத்த அளவுகோலை உயர்த்த முனைந்த கெட்டிக்காரப் பொறியாளர் ஒருவராகவே அவரை நான் கற்பனை செய்கிறேன்.

அதே பிரிவுக்கு அருகில், தீங்கான உள்ளடக்கத்தைத் தடுக்கும் குழுக்களும் இருக்கின்றன என்றும், அங்கே சேர்ந்தால் நன்மை செய்யலாமே என்றும் அவள் கேட்டாள். செய்யலாம். 2018-இல் மியான்மரில் தங்கள் தளம் வன்முறையைத் தூண்டப் பயன்பட்டதைத் தடுக்கப் போதுமானதைச் செய்யவில்லை என்று ஃபேஸ்புக் தானே ஒப்புக்கொண்டது. அந்நாட்டு மொழி தெரிந்த ஆட்கள் போதாமையும் அதற்கு ஒரு காரணம். தமிழ் தெரிந்த ஒருவர் அத்தகைய குழுவில் அமர்ந்தால் தமிழில் பரவும் நச்சைத் தடுப்பதில் மெய்யான வேறுபாட்டை உண்டாக்க முடியும். எனவே தடுப்புக் குழுவில் இடம் கிடைத்தால் நான் வேறு விடை சொல்வேன். ஆனால் அவளுக்கு வந்திருப்பது அந்த இடம் இல்லை. திரை நேரத்தை உயர்த்தும் இடம். பெற்றோர் தோட்டத்துக்குப் போன பிறகு கைப்பேசியோடு வீட்டில் இருக்கும் பத்து வயதுப் பிள்ளையின் மாலைப் பொழுதுதான் அந்த வேலையின் மூலப்பொருள். 18 வயது நிறையாதவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு அளிக்கும் விலக்குகள் நீங்கலாக, தடை செய்ய வகை செய்கிறது. தாத்தாவின் கைப்பேசியில் தாத்தாவின் கணக்கில் காணொளி பார்க்கும் பிள்ளைக்கு அந்தச் சட்டம் எட்டுவதில்லை. இந்த வழி வேண்டாம் என்று தயக்கமின்றிச் சொல்லிவிட்டேன்.

சேமிப்புப் பிரிவின் கதை இவ்வளவு எளிதாக முடிவதில்லை. விளம்பரப் பணம் பெற்றெடுத்த பொறியியலில் மெய்யாகவே அழகானவை இந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. கூகுள் 2012-இல் வெளியிட்ட ஸ்பேனர் என்ற தரவுத்தளத்தைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையைப் படித்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை. கண்டங்கள் கடந்து நிற்கும் கணினிகளின் கடிகாரங்கள் ஒருபோதும் துல்லியமாக ஒத்துப்போவதில்லை. எந்தப் பரிமாற்றம் முன்னே, எது பின்னே என்று அவை சண்டையிட்டுக்கொள்ளும். ஸ்பேனரை வடித்தவர்கள் தரவு மையங்களில் அணுக் கடிகாரங்களையும் ஜிபிஎஸ் வாங்கிகளையும் வைத்தார்கள். அதோடு நில்லாமல், இப்போது மணி இன்னது என்று சொல்வதை விட்டுவிட்டு, மணி இதற்கும் இதற்கும் நடுவே எங்கோ இருக்கிறது என்று ஓர் இடைவெளியைச் சொல்லும்படி கடிகாரத்தை அமைத்தார்கள். ஐயம் பெரும்பாலும் சில மில்லிசெகண்டுகளுக்குள் அடங்கிவிடும். அது தீரும்வரை பரிமாற்றம் காத்திருக்கும். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் ஒரு கருவியின் மேல் உலகளாவிய தரவுத்தளம் ஒன்று எழுந்து நின்றது.

அந்தத் தரவுத்தளத்தின் முதல் வாடிக்கையாளர் யார் என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது: கூகுளின் விளம்பரப் பிரிவு. அணுக் கடிகாரங்களை வரவழைத்தது விளம்பரக் கணக்குகளின் தேவை. ஆகவே, நான் வெறும் சேமிப்பில்தானே வேலை செய்கிறேன், விளம்பரத்துக்கும் எனக்கும் என்ன தொடர்பு என்று ஒருவர் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. அருவங்காட்டில் 1904 முதல் இயங்கும் வெடிமருந்துத் தொழிற்சாலையில் எங்கள் குடும்பத்திலும் ஒருவர் பணியாற்றினார்; செய்வது எதற்குப் போகிறது என்று தெரிந்தே, அதற்குத் தம்மளவில் ஒரு விடை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனவர். அந்த நேர்மையைத்தான் கணினிப் பொறியாளரிடமும் எதிர்பார்க்கிறேன். அதே வேளையில், அந்தத் தொழிற்சாலை நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது, விளம்பர நிறுவனமோ பங்குதாரருக்கு மட்டும் பதில் சொல்வது என்ற வேறுபாட்டையும் நினைவில் வைக்க வேண்டும்.

தொடர்பு உண்டு என்று ஒப்புக்கொண்ட பிறகும், சேமிப்புப் பிரிவின் வெற்றி எதைப் பெருக்குகிறது என்ற கேள்விக்கு விடை பரிந்துரைப் பிரிவினுடையதைப் போல இருண்டதாக இல்லை. அங்கே பெருகுவது பொதுவான ஆற்றல்: தரவு தொலையாமல் இருப்பது, குறைந்த மின்சாரத்தில் நிறையக் கணக்கிடுவது. அது மின்னஞ்சலுக்கும் பயன்படுகிறது, வரைபடத்துக்கும் பயன்படுகிறது, ஏலத்துக்கும் பயன்படுகிறது. மேலும் இந்த ஆற்றல் நிறுவனத்தின் சுவரைத் தாண்டி வெளியே வந்திருக்கிறது. 2003-லும் 2004-லும் கூகுள் வெளியிட்ட இரு கட்டுரைகளிலிருந்து ஹடூப் என்ற திறந்த மூல மென்பொருள், அதாவது எவரும் எடுத்துப் பயன்படுத்தித் திருத்தக்கூடிய மென்பொருள், பிறந்தது. பல கணினிகளில் மென்பொருள்களை ஓட்டி மேலாளும், 2014-இல் திறந்துவிடப்பட்ட குபர்நெட்டீஸ் இன்று வங்கிகளிலும் மருத்துவமனைகளிலும் ஓடுகிறது. ஃபேஸ்புக்கிலிருந்து 2013-இல் வந்த, இணையப் பக்கங்களைக் கட்ட உதவும் ரியாக்ட் இல்லாத இணையதளக் குழுவை இன்று சென்னையில் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் எழுதிய டிரான்ஸ்ஃபார்மர் என்ற கணினிக் கற்றல் அமைப்பைப் பற்றிய கட்டுரையின் மேல்தான், கேட்டதற்கு விடை எழுதும் இன்றைய மொழி மாதிரிகளில் பெரும்பாலானவை நிற்கின்றன. இவற்றுக்கெல்லாம் முதல் போட்டது விளம்பரப் பணம். விளம்பரத்தின் தீங்கை எழுதுகிறவர்கள் பலர் இந்தப் பக்கத்தை எண்ணிப் பார்க்காமல் விடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

ஆகவே சேமிப்புப் பிரிவு விலக்கத்தக்கது என்று நான் சொல்லவில்லை. நிபந்தனைகளோடு ஏற்கத்தக்கது என்கிறேன். நிபந்தனை சேர்வதற்கு முன் எழுதப்பட வேண்டும், ஏனெனில் சேர்ந்த பிறகு எழுதப்படும் நிபந்தனைகள் சம்பளத்துக்கேற்ப வளைந்துகொடுக்கும். பெரிய நிறுவனங்களில் சம்பளத்தோடு சேர்த்துத் தரும் நிறுவனப் பங்குகளை ஒரே நாளில் கையில் தருவதில்லை, வழக்கமாக நான்கு ஆண்டுகளில் பிரித்துத் தருகிறார்கள். மூன்றாம் ஆண்டில் விலக நினைப்பவரிடம் நான்காம் ஆண்டின் பங்கு பேசும், நான்காம் ஆண்டில் புதிதாகச் சேர்த்துத் தரப்பட்ட பங்கு பேசும். சில ஆண்டுகள் கற்றுக்கொண்டு, கடனை அடைத்துவிட்டு, ஊருக்குத் திரும்பி நல்லது செய்வேன் என்ற திட்டத்தை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். திரும்பியவர்களும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் பெங்களூரில் வீட்டுக்கடன் வாங்குவதற்கு முன் திரும்பியவர்கள்.

உள்ளே இருந்து திருத்தலாம் என்ற வாதத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். 2018-இல் கூகுள் ஊழியர்கள் ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டு எதிர்த்ததால், அமெரிக்க ராணுவத்தின் ட்ரோன் படங்களை ஆராயும் திட்டத்தின் ஒப்பந்தத்தை அந்நிறுவனம் நீட்டிக்கவில்லை; ஆயுதங்களுக்குச் செயற்கை நுண்ணறிவைத் தர மாட்டோம் என்று கொள்கையும் அறிவித்தது. அது சிறிய வெற்றி அன்று. ஆனால் 2025 பிப்ரவரியில் அந்த உறுதிமொழி கொள்கையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. ஆல்ஃபபெட்டில் பேஜும் பிரினும் சேர்ந்தும், மெட்டாவில் மார்க் சக்கர்பெர்க் தனியாகவும், வாக்குரிமையில் பாதிக்கு மேல் வைத்திருக்கிறார்கள். பிற பங்குதாரர் அனைவரும் ஒன்றுசேர்ந்தாலும் அவர்களை வெல்ல முடியாத அமைப்பில், புதிதாகச் சேரும் ஒரு பெண் திருத்தப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு போவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். மூத்த பொறியாளராக, விலகினால் நிறுவனத்துக்கு வலிக்கும் என்ற நிலையில் இருப்பவருக்கு அந்த வாதம் பொருந்தும். அவளுக்கு இன்னும் பொருந்தவில்லை.

நான் சேராவிட்டால் வேறொருவர் சேரத்தானே போகிறார் என்பது எல்லாரும் சொல்வது. உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அது வேலையின் தன்மையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. எந்த வேலைக்கும் அதைச் சொல்லிவிடலாம் என்பதாலேயே அதை ஒப்பீட்டில் சேர்க்காமல் விட்டேன்.

சந்தா நிறுவனத்தைப் பற்றி நம்மவர்களுக்குப் பெருமையோடு பேச ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஜோஹோ, விளம்பர வருவாயை நாடாமல், மென்பொருளை விற்றே வளர்ந்த நிறுவனம். சென்னையோடு நில்லாமல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் அமைத்தது. தன் இணையதளத்திலிருந்து பிறரின் கண்காணிப்பு நிரல்களை 2020-இல் நீக்கியது. நல்ல மென்பொருளைக் கட்டும் பணி அமெரிக்க விளம்பர நிறுவனங்களுக்கு மட்டும் உரியதில்லை என்பதற்கு இது சான்று. நிறுவனத்தின் பங்குகள் சந்தையில் இல்லாததால், காலாண்டுக்குக் காலாண்டு வளர்ச்சி காட்ட வேண்டிய நெருக்கடியும் இல்லை. அக்கா மகளுக்கு வந்திருப்பது வேறு ஒரு சிறிய நிறுவனம் என்றாலும், பணம் வரும் வழி அதே வகையானது.

இருந்தாலும், சந்தா என்றாலே தூய்மை என்று நான் ஏற்றுக்கொள்ளவில்லை. பணம் கொடுப்பவரும் மென்பொருளுக்கு உட்படுபவரும் ஒருவரே ஆகும்போது மட்டும்தான் சந்தா நேர்மையைக் காக்கிறது. மேலாளர் பணம் கொடுத்து, ஊழியர்களின் திரையை நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுக்கும் மென்பொருளும் சந்தாவில்தான் விற்கப்படுகிறது. வாடிக்கையாளரின் எண்களைத் திரட்டிக் குறுஞ்செய்தி குவிக்கும் மென்பொருளும் அப்படியே. பணத்தின் ஊற்றைத் தேடிப் போனாலும் கலப்பு உண்டு: பயனரின் அந்தரங்கத்துக்காகப் போராடும் மொசில்லாவின் வருவாயில் பெரும்பகுதி, ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் தன் தேடுபொறியை முதலில் வைப்பதற்காகக் கூகுள் கொடுக்கும் பணம். இன்று விளம்பரமில்லாமல் இருப்பது நாளையும் அப்படியே இருக்கும் என்ற உறுதியும் கிடையாது. விளம்பரமே வேண்டாம் என்ற கொள்கையோடு தொடங்கிய வாட்ஸ்அப்பை ஃபேஸ்புக் 2014-இல் ஏறத்தாழ 1,900 கோடி டாலருக்கு வாங்கியது. 2025-இல் ஸ்டேட்டஸ் பகுதியில் விளம்பரம் வரும் என்று அறிவிப்பு வந்தது. இதனால் அவளிடம் நான் கேட்கச் சொன்னது, அந்தச் சென்னை நிறுவனம் யாருக்கு எதை விற்கிறது என்பதை. சிறு மருத்துவமனைகளுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் பதிவேடு, ரசீது, மருந்து இருப்பு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருளாம். அந்த வேலை நன்றாக அமைந்தால் பெருகுவது, நோயாளி வரிசையில் நிற்கும் நேரம் குறைவதுதான். பயனரைத் திரையில் கட்டிவைக்க அதற்கு எந்தக் காரணமும் இல்லை. வேலை முடிந்து அவர் சீக்கிரம் எழுந்து போனால் மென்பொருளுக்கே நற்பெயர்.

குறை, வேலையின் ஆழம். ரசீது மென்பொருளில் அணுக் கடிகாரம் வராது. ஆனால் மின்சாரமும் இணையமும் அடிக்கடி போகும் சிற்றூர் மருத்துவமனையில், இரண்டு கணினிகள் தொடர்பற்றுத் தனித்தனியே எழுதிய பதிவுகளை, ஒன்றும் தொலையாமல் பின்னர் சேர்ப்பது எளிய கணக்கு அன்று. ஸ்பேனர் தீர்த்த சிக்கலின் உறவுதான் இதுவும், பணம் குறைவாக இருப்பதால் இன்னும் கடினமானது. மலையில் மழைக்காலத்தில் மின்கம்பி அறுந்து இருட்டில் உட்கார்ந்தவர்களுக்கு அதன் தேவை புரியும்.

நான்காவது வழியான அரசு நிதி ஆய்வகம், சுவையில் எதற்கும் குறைந்ததில்லை என்பதை நீலகிரியில் இருப்பவர்கள் வெளியே போய்த் தேட வேண்டியதில்லை. உதகைக்கு அருகே முத்தோரையில், கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தார் அமைத்து 1970-இல் செயல்படத் தொடங்கிய வானொலித் தொலைநோக்கியின் நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். அந்த இடத்தின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. அதே 11 பாகைச் சரிவுள்ள மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, அதன் மேல் வடக்கு தெற்காகக் கிடத்தியதால், தொலைநோக்கியின் அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. அந்த ஒரே அச்சில் திருப்பினாலே ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் தொடர முடியும். விலையுயர்ந்த இயந்திரம் செய்திருக்க வேண்டியதை மலையே செய்து கொடுத்தது. எதிரொளிக்கும் பரப்பு தகடு கூட அன்று. 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள். பிற்காலத்தில் அதன் வாங்கிகளை எண்முறைக்கு மாற்றியதும் இந்நாட்டுப் பொறியாளர்களே. உதகையிலேயே இருக்கும் கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர் ஆய்வகம், 2014 டிசம்பரில் தலைக்கு மேல் கடந்த ஓர் இடிமேகத்துக்குள் ஏறத்தாழ 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் உருவானதை மியூவான் துகள்களைக் கொண்டு அளந்தது. இங்கே தரவு கொடுப்பது மேகம், அதனிடம் சம்மதம் கேட்க வேண்டிய தேவை எழுவதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் அந்த வழியை அவளுக்கு முதல் இடத்தில் வைக்க எனக்கு மனம் துணியவில்லை. ஒப்பந்தப் பணி ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்பட வேண்டியது. நிதி வராத ஆண்டில் எவ்வளவு நல்ல பொறியாளரும் வெளியே நிற்க நேரும். அவள் வீட்டின் வருமானம் பச்சைத் தேயிலை விலையோடு ஏறி இறங்குவது. கல்விக் கடன் இன்னும் மீதமிருக்கிறது, தம்பி படிக்கிறான். அறத்தைப் பற்றிப் பேசுபவர்கள் இதை ஒரு சாக்கு என்று தள்ளிவிடக் கூடாது. பெற்றோரின் முதுமைக்கு வழி செய்வதும் அறத்தின் கணக்கில்தான் வருகிறது. கடன் இல்லாத வீட்டுப் பிள்ளை ஒருவர் இதே கேள்வியோடு வந்தால் ஆய்வகத்தையே முதலில் சொல்வேன்.

விளம்பர நிறுவனம் தருவதாகச் சொல்லும் சம்பளம் சென்னை நிறுவனத்தினதைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. சென்னைச் சம்பளத்தில் கடனும் அடையும், தம்பியின் படிப்பும் நடக்கும், ஆனால் காலம் கூடும். இரண்டு சம்பளத்துக்கும் இடையே தேவை நிறைவேறுமா என்ற வேறுபாடு இல்லாதபோது, எவ்வளவு விரைவில் என்பதற்காக மட்டும் பணத்தின் பக்கம் சாய வேண்டியதில்லை என்பது என் தீர்ப்பு. எனவே அவளுக்கு நான் வைத்த வரிசை: சென்னை நிறுவனம் முதலில், விளம்பர நிறுவனத்தின் சேமிப்புப் பிரிவு நிபந்தனைகளோடு இரண்டாவது, ஆய்வகம் கடன் தீர்ந்த பின் மீண்டும் பார்க்க வேண்டியது, பரிந்துரைப் பிரிவு எந்நிலையிலும் வேண்டாதது. கடன் இன்னும் பெரிதாக இருந்து சென்னைச் சம்பளத்தில் மூச்சுமுட்டும் என்றால், முதல் இரண்டையும் இடம் மாற்றிவைக்க எனக்குத் தயக்கம் இராது.

அக்காவுக்கு இந்த வரிசை பிடிக்கவில்லை. பெரிய நிறுவனத்தின் பெயர் கல்யாணப் பேச்சிலிருந்து வங்கி மேலாளர் வரை எங்கெங்கே உதவும் என்று அவள் எடுத்துச் சொன்னதில் உண்மை இருக்கிறது. அந்த உண்மையைத் தன் மகளிடம் நேரே சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டேன்.

முடிவு அவளுடையது. சேமிப்புப் பிரிவைத் தேர்ந்தால், கையொப்பமிடுமுன் அந்தப் பிரிவின் மேலாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த ஓராண்டில் இந்தக் குழு கட்டப்போவதன் முதல் வாடிக்கையாளர் நிறுவனத்தின் எந்தப் பிரிவு? குழுவின் வெற்றியை எந்த எண்ணால் அளக்கிறீர்கள், அந்த எண்ணில் பயனரின் திரை நேரமோ விளம்பர வருவாயோ கலந்திருக்கிறதா? ஒரு பயனர் தன் தரவை அழிக்கச் சொன்னால், காப்புப் பிரதிகள் உட்பட எல்லா இடத்திலும் அது அழிய எத்தனை நாளாகும்? குழுவில் செய்ததைத் திறந்த மூலமாகவோ கட்டுரையாகவோ வெளியிட்ட முன்னுதாரணம் உண்டா? வேறு பிரிவுக்கு ஊழியரின் விருப்பமின்றி மாற்றப்படும் வழக்கம் இருக்கிறதா? நல்ல மேலாளர் இவற்றுக்கு முகம் சுளிக்காமல் விடை சொல்வார். மூன்றாவது கேள்விக்கு மேலாளரிடமே எண் இல்லை என்றால், அல்லது முதல் கேள்விக்கு விடை ஏலப் பிரிவு என்று வந்தால், சேமிப்புப் பிரிவையும் பரிந்துரைப் பிரிவின் வரிசையில் சேர்த்துவிட்டு, சென்னைக்கு ஒப்புதல் கடிதத்தை அனுப்பிவிடச் சொல்லியிருக்கிறேன்.